காயம் ஆறுவதை நேரில் காட்டும் மீன்

மயக்க மருந்து கலந்த நீரில் அசையாமல் கிடக்கிறது ஒரு மீன் குஞ்சு. முட்டையை விட்டு வெளியே வந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருக்கும். தலை முதல் வால் வரை அளந்தால் நாலு மில்லிமீட்டர். உடம்பில் வெளிச்சம் ஊடுருவிப் போவதால், உள்ளே இதயம் துடிப்பதும் ரத்த அணுக்கள் வரிசையாக ஓடுவதும் நுண்ணோக்கியில் அப்படியே தெரிகின்றன. வால் பக்கத் தசைக் கட்டு ஒன்றில் மெல்லிய ஊசி முனையால் ஒரு குத்து. அந்த இடத்துத் தசையிழைகள் அறுந்து, சுருண்டு ஒதுங்குகின்றன.

பிறகு குஞ்சை அகரோஸ் கூழில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு படம் என்று மணிக்கணக்கில் எடுக்கிறார்கள். படங்களைக் கோத்து ஓடவிட்டால், கறுப்புப் பின்னணியில் சிவப்பாக ஒளிரும் தசை. நடுவே இருட்டுப் பள்ளமாகக் காயம். அதை நோக்கி அக்கம்பக்கத்திலிருந்து நகர்ந்துவரும் பச்சை அணுக்கள். அவை வருகின்றன, பிரிகின்றன, நீள்கின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன. சில நாள்களில் பள்ளம் நிறைந்து, குத்துப்பட்ட சுவடே தெரியாமல் தசை எழுந்து நிற்கிறது.

உயிருள்ள ஒரு உடம்பில், காயம் பட்டது முதல் புதுத் தசையிழை உருவாவது வரை முழுவதையும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கரியின் குழு இப்படித்தான் பார்த்தது. டேவிட் குரேவிச் முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஒரு அலங்கார மீனுக்கு மரபணு மாற்றம் செய்து பெற்ற காட்சி இது. அந்தக் காட்சி சொல்லும் செய்தி, தசை நோயோடு மல்லாடும் குடும்பங்களுக்கும் அவர்களிடம் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இந்த மீனைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

தவளைக் காலில் கிடைத்த அணு

நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எலும்புத் தசை. நடக்க, நிற்க, மூச்சிழுக்க, விழுங்க எல்லாவற்றுக்கும் அதுதான். மாடிப்படி இறங்கினாலே சில இழைகள் லேசாகக் கிழிவது உண்டு. உடம்பு சத்தமில்லாமல் அவற்றைச் சரிசெய்துவிடுகிறது. தசையைப் பிய்த்துக்கொண்டு போகும் பெரிய விபத்துக் காயத்தில்தான் சிக்கல். அங்கே தசை வளராமல் தழும்புத் திசு வந்து அடைத்துக்கொள்கிறது. தழும்பு சுருங்கி விரியாது. கை இருக்கும், பிடி இருக்காது.

தசை தன்னைத்தானே எப்படிப் பழுதுபார்த்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு 1961-இல் கிடைத்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் கால் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். தசையிழைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் இடையில் சின்னஞ்சிறு அணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இழையின் ஓரத்திலேயே ஒதுங்கியிருந்ததால் அவற்றுக்கு ‘சாட்டிலைட் செல்’ என்று பெயர் வைத்தார். தசை சேதப்படும்போது இவைதான் கண்விழித்துப் பெருகுகின்றனவோ என்ற சந்தேகத்தையும் அப்போதே எழுதிவைத்தார். அவர் சந்தேகம் சரி. இன்று அவற்றைத் தசையின் ஸ்டெம் செல் என்கிறோம். 2000-ஆம் ஆண்டில் கனடாவில் மைக்கேல் ருட்னிக்கியின் குழு, எலிகளில் இந்த அணுக்கள் உருவாக ‘பேக்ஸ்7’ என்ற மரபணு தேவை என்று காட்டியது. அதன் பிறகு பேக்ஸ்7 இந்த அணுக்களின் அடையாள அட்டையாகவே ஆகிவிட்டது.

அடையாளம் தெரிந்தும் ஒரு பெரிய குறை இருந்தது. எலியின் தொடையில் காயம் உண்டாக்கி, மூன்றாம் நாள் ஒரு எலி, ஐந்தாம் நாள் இன்னொரு எலி, பத்தாம் நாள் வேறொன்று என்று தசையை வெட்டியெடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு உயிரின் வேறு வேறு நொடி. ஒரு அணு எங்கிருந்து கிளம்பியது, யாரைச் சந்தித்தது, எப்போது இரண்டானது, அதில் எது எங்கே போனது என்பதையெல்லாம் இடைவெளிகளை ஊகத்தால் நிரப்பித்தான் சொல்ல முடிந்தது. கிண்ணத்தில் அணுக்களை வளர்த்தால் நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் கிண்ணத்தில் காயமும் இல்லை, ரத்தமும் இல்லை, பக்கத்துத் தசையிழையும் இல்லை. உடம்புக்குள் உயிரோடு நடப்பதைப் பார்க்க வேறு ஒரு உயிர் தேவைப்பட்டது.

நம் வயல்நீர் மீன்

அந்த உயிர் நம் பக்கத்துடையது. இந்தியா, வங்கதேசம், நேபாளத்தின் ஓடைகளிலும் குட்டைகளிலும் நெல்வயல் வாய்க்கால்களிலும் திரிகிற, விரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடு போட்ட மீன். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இதை முதன்முதலில் விவரித்தார். விஞ்ஞானப் பெயர் டானியோ ரேரியோ. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஸீப்ரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் வரிக்குதிரை மீன் என்று எழுதுகிறோம்.

இதை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்தவர் என்று முதலில் சொல்ல வேண்டியவர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, ஈயையும் புழுவையும் வைத்து மரபியல் படிப்பதுபோல் முதுகெலும்புள்ள ஒரு உயிரை வைத்துப் படிக்க முடியாதா என்று ஆண்டுக்கணக்கில் இந்த மீனோடு உழைத்தார். 1981-இல் அவர் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்த பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1984-இல் அவர் காலமானார். தான் நட்டது எவ்வளவு தூரம் படர்ந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. 1996-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த இரு பெரும் தேடல்கள், ஆயிரக்கணக்கான மரபணுப் பிறழ்வு மீன்களை ஒரே மூச்சில் உலகுக்குக் கொடுத்தன.

இந்த மீனின் பலம் எளிமையானது. 28 டிகிரி வெப்பநிலையில் சுகமாக வாழும். விளக்கைப் போட்டதும் விடியல் என்று நினைத்து முட்டையிடும். ஒரு பெண் மீன் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில்கூட இடும். முட்டை தாயின் வயிற்றுக்கு வெளியே கருவுறுவதால், முதல் அணு இரண்டாகப் பிரிவதிலிருந்தே பார்க்கலாம். இருபத்து நாலு மணி நேரத்தில் உடம்பின் வடிவம் வந்துவிடும். மூன்று மாதத்தில் பருவமடையும். 2013-இல் வெளியான முழு மரபணு வரிசையின்படி, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டு. இந்தியாவிலும் 2009-இல் டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனத்தில் நம் நாட்டு இயற்கை வகை மீனின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தினார்கள்.

விளக்கைக் கட்டிவிடும் வித்தை

வெளிச்சம் ஊடுருவும் உடம்பு மட்டும் போதாது. உள்ளே ஆயிரமாயிரம் அணுக்கள். எது தசை ஸ்டெம் செல், எது வெள்ளை அணு என்று வெறுமனே பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நிற விளக்கு வேண்டும். மரபணு மாற்றம் இங்கேதான் வருகிறது.

விளக்கு வந்தது ஜெல்லி மீனிலிருந்து. ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஜெல்லி மீன்களை வாரி வாரிப் பிழிந்து, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பிரித்தார். 1962-இல் அதைப் பற்றி எழுதினார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அந்தப் புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் வைத்து ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் அதை இன்னும் பிரகாசமாக்கி, பல நிறங்களுக்கு வழி செய்தார். மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், அது எந்த அணுவில் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு டி.என்.ஏ. பகுதி உண்டு. பேக்ஸ்7 மரபணுவின் அந்தப் பகுதியை எடுத்துப் பச்சைப் புரதத்தின் மரபணுவோடு இணைத்துவிட்டால், பேக்ஸ்7 எங்கெல்லாம் விழித்திருக்கிறதோ அங்கெல்லாம் பச்சை எரியும். தசை ஆக்டினின் பகுதியோடு சிவப்பை இணைத்தால் தசை முழுக்கச் சிவக்கும். கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்களுக்கு ‘எம்பெக்1’ என்ற மரபணுவின் பகுதி. 2011-இல் மெல்போர்னில் கிரகாம் லீஷ்கேயின் குழு அந்த மீனை உருவாக்கியது.

செய்முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முந்தின இரவே ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரு தொட்டியில் தடுப்புப் போட்டுப் பிரித்து வைப்பார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுப்பார்கள். முட்டைகள் தொட்டியின் அடித்தட்டுச் சல்லடை வழியாக விழும். அங்கிருந்து நேரம் ஓட ஆரம்பிக்கிறது: முக்கால் மணி நேரத்துக்குள் முதல் அணு இரண்டாகிவிடும். அதற்குள் முட்டைகளை அகரோஸ் பள்ளங்களில் வரிசையாக அடுக்கி, நீட்டி இழுத்த கண்ணாடி ஊசியால் அந்த ஒற்றை அணுவுக்குள் டி.என்.ஏ. கரைசலைச் செலுத்த வேண்டும். ஒரு முட்டைக்கு ஒரு லிட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. கூடவே, மெடக்கா என்ற ஜப்பானிய நெல்வயல் மீனில் கண்டெடுத்த ‘டால்2’ என்ற தாவும் மரபணுத் துண்டின் உபகாரமும் உண்டு. புது டி.என்.ஏ.வை மீனின் குரோமோசோமுக்குள் கொண்டுபோய்ச் செருகுவது அதுதான். ஜப்பானின் கொய்ச்சி கவகாமி இதைக் கருவியாக்கிக் கொடுத்த பிறகு, முன்பு அபூர்வமாகக் கைகூடிய வேலை அன்றாடமாகிவிட்டது.

ஊசி போட்ட குஞ்சுகளில் விளக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எரியும். அவற்றை மூன்று மாதம் வளர்த்து, சாதாரண மீனோடு இணைசேர்த்து, பிறக்கும் குஞ்சுகளில் எவை சரியாக ஒளிர்கின்றன என்று பொறுக்கியெடுக்க வேண்டும். அந்தப் பரம்பரைதான் நிலைத்த வகை. ஒரு ஆய்வு மாணவருக்கு ஒரு வகையை உருவாக்கவே பல மாதங்கள் போய்விடும்.

இதே தொழில்நுட்பம் கடைத்தெருவுக்கும் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் சியுவானின் குழு, தசை மரபணு ஒன்றின் பகுதியோடு நிறப் புரதத்தை இணைத்து, உடம்பு முழுக்கப் பளிச்சென்று தெரியும் மீன்களை உருவாக்கியது. 2003 இறுதியில் அவை அமெரிக்காவில் குளோஃபிஷ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. பிரேசிலில் மீன் பண்ணைகளிலிருந்து தப்பிய ஒளிர்மீன்கள் காட்டு ஓடைகளில் இனம்பெருக்குவதை 2022-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மீனின் உறவின மீன்கள் நம் நீர்நிலைகளில் வாழ்கின்றன. ஆகவே நம் ஊரில் யாரும் எந்த அலங்கார மீனையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது.

விதைநெல்லைத் தொடாத அணு

இனி கரியின் குழு கண்டதற்கு வருவோம். அவர்கள் முதலில் தீர்க்க நினைத்தது ஒரு பழைய வாதம். ஸ்டெம் செல் காயத்துக்குப் புதுத் தசை தர வேண்டும். அதே சமயம் அடுத்த காயத்துக்குத் தானும் மிச்சமிருக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது? சமச்சீரற்ற பிரிவு என்று ஒரு விளக்கம் இருந்தது. அதாவது, ஒரு அணு இரண்டாகும்போது இரண்டும் ஒரே மாதிரி ஆவதில்லை. ஒன்று தசையாகப் போகிறது. மற்றொன்று ஸ்டெம் செல்லாகவே தங்குகிறது. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லை உலையில் போடாத விவசாயியின் கணக்கு. ஆனால் இது கிண்ணத்தில் வளர்த்த அணுக்களில்தான் தெரிந்திருந்தது. உயிருள்ள உடம்பில் யாரும் பார்க்கவில்லை.

மீன் குஞ்சில் பார்த்தார்கள். பக்கத்து அணுவோடு குழம்பாமலிருக்க, ஒவ்வொரு அணுவும் அதன் வழித்தோன்றல்களும் தனித்தனி நிறத்தில் ஒளிரும்படி வகை செய்த மீன்களையும் பயன்படுத்தினார்கள். காயத்துக்குப் பிறகு ஒரு ஸ்டெம் செல் இரண்டாவதும், அதில் ஒன்று இருந்த இடத்திலேயே ஒதுங்கிக்கொள்வதும், மற்றதன் வாரிசுகள் பெருகிப் புது இழைகளாவதும் படத்தில் பதிந்தன. ஒரு காயத்தை நிரப்பும் புதுத் தசை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களின் வம்சமாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. காயமடைந்த இழைகளும் காயம்படாத பக்கத்து இழைகளும் இந்த ஸ்டெம் செல்களோடு தொட்டுத் தொடர்ந்து உறவாடின. காயம்படாத இழைகள்கூடச் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை.

அதே 2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சைமன் ஹியூஸின் குழு வேறு ஒரு கோணத்தைத் திறந்தது. பழங்காலத்தில் மீன்களின் மரபணுத் தொகுதி முழுசாக இரட்டித்ததால், நமக்கு ஒன்றாக இருக்கும் பேக்ஸ்7 இந்த மீனுக்கு இரண்டு: ‘ஏ’, ‘பி’. இரண்டுக்கும் தனித்தனி விளக்கு கட்டிப் பார்த்தபோது, ‘ஏ’ மட்டும் எரியும் அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு. அவை புத்தம்புது இழைகளை ஆரம்பித்துவைத்தன. ‘பி’ எரியும் அணுக்கள் அதிகம்; அவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் இழைகளோடு இணைந்து சேதத்தை ஒட்டுப்போட்டன. ‘பி’ அணுக்களைப் பெருமளவு நீக்கிவிட்டுக் காயம் உண்டாக்கினால், ‘ஏ’ அணுக்கள் வேகமாகக் கூடின. ஆனாலும் மற்றதன் வேலையை அவை எடுத்துக்கொள்ளவில்லை, மற்றதை உருவாக்கவும் இல்லை. தசை ஸ்டெம் செல் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு தொழிலாளிகள் இருக்கிறார்கள்.

ஒரு வகை அணுவை மட்டும் நீக்குவது எப்படி என்று கேட்கலாம். இந்தத் துறையின் மிக அழகான உத்தி அது என்பேன். ஈ.கோலை பாக்டீரியாவின் நைட்ரோரிடக்டேஸ் என்ற நொதியின் மரபணுவை, வேண்டிய அணுவில் மட்டும் வேலை செய்யும்படி மீனில் வைத்துவிடுவார்கள். பிறகு தண்ணீரில் மெட்ரோனிடசோல் கலப்பார்கள். சீதபேதிக்கு நம் டாக்டர்கள் எழுதித் தரும் அதே மாத்திரைதான். அந்த நொதி இல்லாத அணுக்களை அது பாதிப்பதில்லை. நொதி உள்ள அணுவுக்குள் மட்டும் விஷமாக மாறி அந்த அணுவைச் சாகடிக்கிறது. எப்போது நீக்குவது என்பதும் ஆய்வாளர் கையில். காயத்துக்கு முன்பா, பின்பா, எத்தனை மணி நேரம் கழித்தா என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

கட்டிக்கொள்ளும் வெள்ளை அணு

அந்த உத்தியின் பலன் 2021-இல் ‘நேச்சர்’ இதழில் தெரிந்தது. கரியின் ஆய்வுக்கூடத்தில் தனுஷிகா ரத்னாயக்க முன்நின்று செய்த ஆய்வு. ஸ்டெம் செல்லுக்கு ஒரு நிறம், மேக்ரோபேஜுக்கு இன்னொரு நிறம். காயம் பட்டவுடன் மேக்ரோபேஜ்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. ஒரு பிரிவு சிதைவை அள்ளிவிட்டு, ஒரு நாள் வாக்கில் கிளம்பிவிடுகிறது. இன்னொரு பிரிவு போவதில்லை, காயத்திலேயே தங்கிவிடுகிறது.

தங்கியவை என்ன செய்தன என்பதுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெம் செல்லைத் தேடிப் போய், அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. வெகுநேரம் அப்படியே இருந்தது. அதன் பிறகு அந்த ஸ்டெம் செல் இரண்டாகப் பிரிந்தது. மேக்ரோபேஜ் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போனது. வெள்ளை அணு என்றால் எதிரியை விழுங்குவதும் குப்பையைக் கூட்டுவதும் என்றே பள்ளிப் பாடத்தில் படித்தோம். இங்கே அது தாதியாக நிற்கிறது.

காயத்துக்கு வந்த மேக்ரோபேஜ்களின் மரபணுச் செயல்பாட்டைப் பிரித்துப் பார்த்ததில் எட்டு வகைகள் இருந்தன. அவற்றில் ஒரு வகைதான் இந்தத் தாதி வேலைக்கானது. அது சுரக்கும் பொருளையும் கண்டுபிடித்தார்கள்: ‘நாம்ப்ட்’ என்ற புரதம். ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ‘சி.சி.ஆர்.5’ என்ற ஏற்பியில் போய் அது பிணைகிறது. மெட்ரோனிடசோல் உத்தியால் தங்கும் மேக்ரோபேஜ்களை மட்டும் நீக்கினால் ஸ்டெம் செல் பெருகவில்லை, காயமும் ஆறவில்லை. அப்படி நீக்கிய மீனின் தண்ணீரில் நாம்ப்ட்டைக் கலந்தால், தாதி இல்லாமலே ஸ்டெம் செல் மறுபடி பெருகியது. எலியின் பெரிய தசைக் காயத்தில் நாம்ப்ட் கலந்த ஜெல்லை வைத்தபோதும் தசை வளர்ந்தது. நாலு மில்லிமீட்டர் மீனில் கண்டது பாலூட்டியிலும் பலித்தது. மனிதரில் இன்னும் இது சிகிச்சையாகவில்லை.

என் மதிப்பில், தசை ஆய்வில் கடந்த இருபது ஆண்டுகளின் முதல்தரக் கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. எலியை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், காயத்தில் ஒரு மேக்ரோபேஜும் ஸ்டெம் செல்லும் அருகருகே இருப்பது தெரியும், அவ்வளவுதான். ஒன்று மற்றதைத் தேடிப் போனதும், பொறுமையாகக் கட்டிக்கொண்டு நின்றதும், பிரிந்த பிறகு விலகியதும் உயிரோடு பார்த்தால் அன்றித் தெரிய வழியே இல்லை.

எல்லாத் தசையும் ஒரே வழியில் ஆறுவதில்லை என்பதையும் இந்த மீன்தான் சொன்னது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவரான அலோன் கஹானாவின் குழு, வளர்ந்த மீனின் கண்ணை அசைக்கும் தசையில் பாதியை வெட்டி எடுத்தது. பத்து நாள் வாக்கில் அது திரும்ப வளர்ந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அங்கே ஸ்டெம் செல் முன்னணியில் இல்லை. மிஞ்சிய முதிர்ந்த தசையணுக்களே தம் தசைத்தன்மையைக் களைந்து, இளமைக்குத் திரும்பி, பிரிந்து பெருகின. 2015-இல் வந்த அந்த ஆய்விலும் தசையைப் பின்தொடர உதவியது ஒளிரும் மீன்தான். இதயத் தசையின் கதையும் கிட்டத்தட்ட இதே. கென்னத் பாஸ் 2002-இல் இந்த மீனின் இதயக் கீழறையில் 20 சதவீதத்தை வெட்டியபோது, இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் வளர்ந்தது. அதைச் செய்ததும் மிஞ்சிய இதயத் தசையணுக்களே என்று 2010-இல் இரண்டு குழுக்கள் நிறத் தடம் வைத்து நிரூபித்தன.

டூஷென் வீட்டுப் பிள்ளைகள்

இவ்வளவும் யாருக்காக? முதலில் நினைவுக்கு வருவது டூஷென் தசைச்சிதைவு. 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மூன்று நாலு வயதில் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையூன்றி எழுவான். பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் சக்கர நாற்காலி. பின்னால் மூச்சுத் தசையும் இதயமும் பாதிக்கப்படும். காரணம், டிஸ்ட்ரோஃபின் என்ற ஒரே ஒரு புரதம் இல்லாதது. அது இல்லாமல் தசையிழை ஒவ்வொரு அசைவிலும் கிழிகிறது. ஸ்டெம் செல்கள் ஓயாமல் பழுதுபார்த்துக் களைக்கின்றன. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து உட்கார்கின்றன.

1996-இல் ட்யூபிங்கன் தேடலில் கிடைத்த ‘சாப்யே’ என்ற பிறழ்வு மீன், டிஸ்ட்ரோஃபின் இல்லாத மீன்தான் என்று 2003-இல் கண்டறிந்ததும் பீட்டர் கரியின் குழு. அப்போது அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். அந்த மீனில் தசையிழைகள் தம் முனைகளில் கட்டு விட்டுக் கழன்று போவதைப் பார்க்க முடிந்தது. டிஸ்ட்ரோஃபின் மரபணுவை எண்பதுகளில் கண்டுபிடித்த பாஸ்டன் விஞ்ஞானி லூயிஸ் குங்கெல், 2011-இல் இந்த மீனையே வைத்து மருந்து தேடினார். அவர் குழு 1,120 மருந்துப் பொருள்களைக் குஞ்சுகள் நீந்தும் நீரில் கலந்து பார்த்தது. முனைவாக்கிய ஒளியில் நல்ல தசை பிரகாசமாகவும் சிதைந்த தசை இருட்டாகவும் தெரியும். அதனால் பலனைக் கண்ணாலேயே தரம்பிரித்துவிடலாம். ஏழு பொருள்கள் தேறின. அவற்றில் ஆஸ்துமாவுக்குக் கொடுத்துவந்த அமினோஃபிலின் முதலிடத்தில் நின்றது. அது டூஷென் பிள்ளைகளுக்கான மருந்தாகிவிடவில்லை. ஆனால் ஆயிரம் மருந்துகளை எலியில் சோதிக்க ஆகும் காலத்தையும் உயிர்களையும் நினைத்துப் பார்த்தால், இந்த வழியின் அருமை புரியும்.

மீனுக்கு வலிக்காதா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மயக்க மருந்து கொடுத்தே காயம் உண்டாக்குகிறார்கள். பெரும்பாலான ஆய்வு, தானாக இரை தேடத் தொடங்காத ஐந்து நாளுக்கு உட்பட்ட குஞ்சுகளில் நடக்கிறது; ஐரோப்பியச் சட்டம் அந்த வயதுக்குப் பிறகே அவற்றை ஆய்வு விலங்காகக் கணக்கிடுகிறது. சட்டம் கணக்கிடாவிட்டாலும் அது உயிர்தான். அந்த உயிரிலிருந்து அறியக்கூடியது அனைத்தையும் அறிந்துகொள்வதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

மீனில் தெரிவது எல்லாம் மனிதரிடம் அப்படியே நடக்கும் என்றும் சொல்லக் கூடாது. மீன் வாழ்நாள் முழுவதும் வளரக்கூடிய உயிர். நாம் அப்படி இல்லை. குஞ்சின் ஒரு ஊசிக் குத்தும், வருடக்கணக்கில் தொடரும் மனிதத் தசைநோயும் ஒன்றல்ல.

ஊசி விற்பவர்களிடம் கேளுங்கள்

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. ஸ்டெம் செல்லைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் தசை வளர்ந்துவிடாது. சரியான நேரத்தில் வந்து, சரியான நேரத்தில் தங்கும் வெள்ளை அணு வேண்டும். காயம்பட்ட இழையும் படாத இழையும் துணை நிற்க வேண்டும். விதையாக ஒரு பங்கு ஒதுங்க வேண்டும். 1995-லேயே இதற்கு ஒரு வலிமிக்க சாட்சி வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெர்ரி மெண்டெல் தலைமையில், டூஷென் உள்ள 12 சிறுவர்களின் ஒரு கையில், அப்பாவோ சகோதரனோ கொடுத்த தசை முன்னணுக்களை மாதம் ஒருமுறை ஆறு மாதம் ஊசி மூலம் ஏற்றினார்கள். மறு கையில் வெறும் போலி மருந்து. இரண்டு கைகளின் பலத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடையின் சில பகுதிகளை மீன்கள்தான் இப்போது நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் நம் நாட்டில் தசைச்சிதைவுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் செலவு வைக்கும் இடங்கள் இருக்கின்றன. நகையை விற்றும் கடன் வாங்கியும் போகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பிள்ளை நடப்பான் என்று ஒருவர் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்து சொன்னால் எந்த அப்பா அம்மா மறுப்பார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர்த்த மற்ற ஸ்டெம் செல் முறைகள் ஆய்வு நிலையில்தான் உள்ளன. ஒப்புதல் பெற்ற பரிசோதனையாக மட்டுமே அவற்றைச் செய்யலாம்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊசிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பரிசோதனையின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் அதில் தேடிச் சரிபாருங்கள். எண் இல்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். பிள்ளையை நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிக்கும் தவறாமல் அழைத்துப் போங்கள். டாக்டர் சொன்ன ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தையும் மூச்சையும் காலாகாலத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.